கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவன்

போன ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபத்து டீக்கடையில் கூடியபோது உங்களில் ஒருத்தர் என்னிடம் கேட்டீர்கள்.

"அண்ணே, கார்த்தால எய்ந்தா வேலைக்குப் போவவே மனசு வர்ல. மேஸ்திரி கெடையாது, மேனேஜர் கெடையாது. இஸ்துப் போத்திகினு படுத்தா இன்னாடான்னு கேக்க ஆள் இல்ல. நீ எப்டிண்ணே இத்தினி வருசம் ஓட்ன?"

"மூஞ்சியக் கய்வு, டீயக் குடி, பக்கெட்டத் தூக்கு. மனசு தன்னால பின்னாடி வரும்" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி சிரித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியிலேயே உறுத்த ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னது பொய். மூஞ்சியைக் கழுவிக்கொண்டு தானாக எழுந்து போனவன் இல்லை நான். என்னை ஒருத்தன் எழுப்பிக்கொண்டே இருந்தான். அது எனக்குத் தெரியாமலே இந்தக் கண்ணாடி துடைக்கிற தொழிலில் பாதி ஆயுள் ஓடிவிட்டது. அவனைப் பற்றிச் சொல்லாமல் உங்களுக்கு நான் எந்தப் புத்தி சொன்னாலும் அது வெறும் வாய்ப்பந்தல். அதனால் உட்கார்ந்து எழுதி நம் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன். கடைசிவரை படியுங்கள். நடுவில் கட்டைவிரல் படம் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள்.

கண்ணாடி துடைக்கிறவனுக்கு நம் ஏரியா மாதிரி வயிற்றெரிச்சல் பிடித்த இடம் வேறு கிடையாது. கடல் பக்கமிருந்து உப்பு. எண்ணூர்ப் பக்கமிருந்து கரித்தூள். நாள் முழுக்கக் கண்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதி. காலையில் பளிச்சென்று துடைத்துவிட்டு வந்த கண்ணாடியில் சாயங்காலம் விரலால் பேர் எழுதலாம். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கண்ணாடி அழுக்காக இருந்தால்தான் எவன் கண்ணிலும் படும். சுத்தமாக இருந்தால் அங்கே கண்ணாடி இருப்பதே தெரியாது. அதன் வழியே கடலைப் பார்ப்பான், கப்பலைப் பார்ப்பான், நல்லா இருக்கு என்பான். கடலைத்தான் சொல்லுவான். துடைத்தவன் ஞாபகம் எவனுக்கு வரும்? நம் வேலை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு யாருக்கும் தெரியாது. உங்களுக்குக் காலையில் மனசு வராததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை தம்பிகளா, இதுதான்.

அவன் பெயர் தேசிங்கு. காலடிப்பேட்டைக்காரன். நான் ராயபுரம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் அந்த வேலை ஒன்றாகக் கைவிட்டுப் போனது. ஒன்றாகவே இந்தத் தொழிலில் இறங்கினோம். ஓர் ஏணி, இரண்டு பக்கெட், அவனுடைய பழைய மொபெட். அவ்வளவுதான் முதல்.

நாங்கள் வேலை செய்த விதம் இப்போது நீங்கள் செய்வது போல் இல்லை. நீங்கள் உள்பக்கத்தை முடித்துவிட்டு வெளியே வருகிறீர்கள். நாங்கள் ஒரே கண்ணாடியை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் துடைப்போம். ஏணியில் வெளியே நான். உள்ளே அவன். கறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒற்றை ஆளாக நின்றால் சட்டென்று பிடிபடாது. எதிரே ஆள் இருந்தால் உடனே தெரியும். விரல் முட்டியால் தட்டினால் 'உன் பக்கம்' என்று அர்த்தம். உள்ளங்கையை வைத்தால் 'என் பக்கம், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். வாயைத் திறக்காமலே நாள் முழுக்க இப்படிப் பேசிக்கொண்டிருப்போம்.

நான் ஏன் வெளியே, அவன் ஏன் உள்ளே என்று கேட்பீர்கள். எனக்கு வாய் சரியில்லை. யாராவது ஒரு வார்த்தை ஏற இறங்கச் சொன்னால் அங்கேயே எரிந்து விழுவேன். தேசிங்கு அப்படி இல்லை. வாட்ச்மேனிடம் பீடி வாங்கிப் பிடிப்பான், ரிசப்ஷனில் இருக்கிற பெண்ணிடம் குழந்தைக்குச் சளி சரியாயிற்றா என்று விசாரிப்பான். அதனால் மனிதர்களோடு பேசுவதெல்லாம் அவன் வேலை, ஏணி என் வேலை என்று ஆகிவிட்டது. உள்ளே யார் என்ன சொன்னாலும் அவன் வழியாகத்தான் என் காதுக்கு வரும்.

அப்படித்தான் அந்தப் பாராட்டெல்லாம் வந்தது.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் கடலைப் பார்த்த மாதிரி முதல் மாடியில் ஒரு பல் கிளினிக். வாரத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருப்போம். முடித்துவிட்டுக் கீழே வந்து மொபெட்டை உதைத்துக்கொண்டே சொல்லுவான். "டாக்டரம்மா உன்னியப் பத்தி இன்னா சொல்ச்சி தெரிமா? வெளில நிக்கறாரே அவுரு தொடச்சாத்தான் எனக்கு அலையே தெரியுதுன்னுச்சுடா." நான் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டேன். "சர்தான் போடா" என்பேன். ஆனால் அடுத்த கட்டடத்தில் ஏணி ஏறும்போது கால் லேசாக இருக்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை.

ஒரு தடவை சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் ஓர் ஆபீஸ் கண்ணாடியைக் கெடுத்துவிட்டேன். அந்த வட்டாரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இரும்பு அறுக்கிற தூள் காற்றோடு வந்து கண்ணாடியில் உட்கார்ந்திருக்கும். முதலில் தண்ணீரை ஊற்றி வழிய விட வேண்டும். துணி அப்புறம்தான். அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. முதலாளி வீட்டில் ஏதோ பூஜை, சீக்கிரம் முடி என்று விரட்டுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தண்ணீர் வரும்வரை முடியாது என்று இறங்கி நின்றிருக்க வேண்டும். அந்த இடத்தில் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். உள்ளேயிருந்து தேசிங்கு இரண்டு கையையும் ஆட்டுகிறான், வேண்டாம் வேண்டாம் என்று. நான் வீம்புக்குக் காய்ந்த துணியாலேயே அழுத்தித் துடைத்தேன்.

வெயில் திரும்பி அந்தக் கண்ணாடி மேல் விழுந்ததும் ஒவ்வொரு கீறலும் தனித்தனியாகத் தெரிந்தது. முதலாளி லோடுமேன்கள் முன்னாலேயே என்னைப் பேசாத பேச்சு இல்லை. நான் பக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு நடந்து வந்துவிட்டேன்.

அப்புறம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். தேசிங்கு தினமும் காலையில் தெருமுனையில் வந்து ஹாரன் அடிப்பான். நான் அசைய மாட்டேன். என் வீட்டுக்காரி போய், "அவுருக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். இந்தத் தொழிலே வேண்டாம், எங்காவது லாரி ஷெட்டில் கூலிக்குப் போய்விடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

ஒரு நாள் ஹாரன் அடிக்கவில்லை. நேராக உள்ளே வந்து என் பாய் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

"எய்ந்திரு" என்றான்.

"நான் வர்ல."

"நீ வர்லன்னா எனக்குப் பேஜாரு இல்ல. அந்த டாக்டரம்மாதான் பேஜாரா கீது. நேத்து நான் ஒண்டியாப் போனேன். வெளிப்பக்கம் நானே ஏறித் தொடச்சேன். கண்ணாடியப் பாத்துட்டு, இன்னிக்கி அவுரு வர்லியான்னு கேட்டுச்சு. வர்லம்மான்னேன். அதான் தெரியுதேன்னுச்சு."

நான் அவன் பக்கம் திரும்பிப் படுத்தேன். "மெய்யாலுமா?"

"பின்ன, உன்னாண்ட பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது? வா, நாஷ்டா துன்னுட்டுப் போலாம்."

எழுந்துவிட்டேன். கீறின கண்ணாடியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றைக்கும் சரி, அதற்கப்புறமும் சரி. இரும்பு மார்க்கெட்டு முதலாளியிடம் இவன்தான் போய்ப் பேசிச் சமாதானம் செய்திருக்கிறான். அந்த இடத்துக்கே மறுபடி என்னைக் கூட்டிக்கொண்டும் போனான். "பட்டவன்தான் இனிமே உஷாரா இருப்பான், அவனையே வரச் சொல்லுன்னாரு மொதலாளி" என்றான். அதையும் நம்பினேன்.

இதெல்லாம் எனக்கு அவன் செய்தது. அவனுக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு கண்ணாடியும் முடிந்ததும் தேசிங்கு உள்பக்கம் ஓர் எட்டு பின்னால் போய் நின்று, புருவத்தைத் தூக்கி என்னைப் பார்ப்பான். வாயசைவு தெரியும். "நல்லா கீதா?" கீழே வந்தால் வாய்விட்டே கேட்பான். "உள்பக்கம் நல்லா கீதுல்ல?"

நான் ஒரு தடவைகூட நல்லா இருக்கிறது என்று சொன்னது கிடையாது. "கலீஜா கீது, மறுபடி தொட" என்பேன். "உன் மூஞ்சி மாரி கீது" என்பேன். சிரிப்பான். நண்பர்களுக்குள் அப்படித்தானே பேசுவோம், அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மூலையில் சோப்பு நுரை தங்காமல், கம்பிக்கு அடியில் ஈரம் நிற்காமல் அவன் துடைக்கிற மாதிரி துடைக்க இன்றைக்கு வரை எனக்கு வராது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. ஒவ்வொரு கண்ணாடிக்கும் கேட்கிறானே, எதற்காகக் கேட்கிறான் என்றும் யோசிக்கவில்லை.

பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். எப்போது நிறுத்தினான் என்று எனக்குத் தெரியாது. அதைக் கவனித்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். வயசாகிறது, அசதி என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். அந்த நாட்களிலும் டாக்டரம்மா சொன்னது, முதலாளி சொன்னது என்று எனக்கு வர வேண்டியது வந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து துணியைப் பிழிந்துகொண்டே சொன்னான். "மாமு, நான் வாட்ச்மேன் வேலைக்குப் போறேன். மணலி ரோட்ல ஒரு கண்டெய்னர் யார்டு."

"இன்னாத்துக்குடா? இங்க நாமதான ராஜா."

"அங்க ஒரு சூப்பர்வைசர் கீறானாம். டெய்லி சாய்ங்காலம் வந்து சுத்திப் பாத்துட்டு, சரி தேசிங்குன்னு சொல்லிட்டுப் போவானாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவனாவது மேலே ஆள் வேண்டும் என்று தேடிப் போவானா? "போ, யாரு உன்னியப் புட்சி வெச்சிகினு கீறாங்க" என்றேன். இருடா, நீ இல்லாமல் எனக்கு ஓடாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததோ இது. அவன் துணியை உதறி ஏணியில் காயப்போட்டுவிட்டு, மொபெட்டை என்னிடமே விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டான்.

அதற்கப்புறம் உள்பக்கமும் நான், வெளிப்பக்கமும் நான். ஒரு நாள் பல் கிளினிக்கில் முடிக்க நேரமாகிவிட்டது. டாக்டரம்மா வந்துவிட்டார். அவ்வளவு வருஷத்தில் அவரை நான் நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு ஒரு பெருமை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நாந்தாம்மா வெளிப்பக்கம் தொடைக்கறது. என்னியப் பத்தி நீங்க சொன்னதெல்லாம் தேசிங்கு சொல்லுவான்" என்றேன்.

அவர் நல்ல மாதிரி. யோசித்துப் பார்த்தார். "நானா? தப்பா நினைச்சுக்காதீங்க. நான் வர்றதே பதினோரு மணிக்குத்தான். நீங்க வந்து போறதையே நான் பார்த்ததில்லையே."

"உங்களுக்கு அலை தெரியுதுன்னு..."

"யாரோ துடைக்கிறாங்கன்னு தெரியும். அவ்வளவுதான்."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அங்கிருந்து நேராகச் சாத்தாங்காட்டுக்குப் போய் இரும்பு மார்க்கெட்டு முதலாளியிடம் கேட்டேன், என்னையே வரச் சொன்னீர்களாமே என்று. அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "உன்னையா? வேற ஆள அனுப்புன்னுதான் சொன்னேன். உன் கூட்டாளிதான் கையப் புடிச்சிக் கெஞ்சினான். நான் பொறுப்புன்னான். சரி தொலையட்டும்னு விட்டேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. அத்தனை வருஷப் பாராட்டும் ஒரே வாயிலிருந்து வந்தது. யார் பெயரை வைத்துச் சொன்னால் நான் எழுந்து நிற்பேன் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். ஒரு நல்ல வார்த்தை இல்லாமல் இந்த வேலையை ஒரு மனுஷனால் செய்ய முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அது அவனுக்கும் வேண்டியிருந்தது. அவனுக்குச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருத்தன்தான். நான் அவன் மூஞ்சியையும் கலீஜையும் பேசிக்கொண்டிருந்தேன்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு மணலி ரோட்டுக்குப் போனேன். யார்டு கேட் பக்கத்தில் ஒரு தகரக் கூண்டு, முன்னால் கண்ணாடி. கண்ணாடியில் புழுதி அப்பிக்கிடந்தது. உள்ளே ஆள் இருப்பதே மங்கலாகத்தான் தெரிந்தது. தேசிங்கு உட்கார்ந்திருக்கிற இடத்துக் கண்ணாடியா இது! தோளில் கிடந்த துண்டைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து, முதலில் தண்ணீரை வழிய விட்டு, வெளிப்பக்கத்தைத் துடைத்தேன். அந்தப் பக்கம் அவன் முகம் வந்தது. இளைத்துப்போயிருந்தான். விரல் முட்டியால் ஒரு மூலையைத் தட்டினான். அதையும் துடைத்தேன்.

வெளியே வந்தான். "இன்னா மாமு, இங்க எங்க?"

"சும்மா. சூப்பர்வைசர் எப்டி கீறான்?"

"அவன் எங்க வர்றான். போன்லதான் கத்துவான்."

வரும் வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். நீதான் நல்லா துடைப்பாய், நீ இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை என்று. அவன் எதிரே நின்றதும் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"டாக்டரம்மா உன்னியத்தான் கேட்டுச்சு. உள்பக்கம் அவுரு தொடச்ச மாரி வர்லன்னுச்சு. மூலையில அவ்ளோ சுத்தமா வேற எவனும் தொடச்சதே இல்லியாம்."

தேசிங்கு என்னையே பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"டாக்டரம்மா பதினோரு மணிக்குத்தான்டா வரும்."

எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறேன் என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பரவால்ல" என்றான். "இன்னொரு தபா சொல்லு."

இன்னொரு தடவையும் சொன்னேன். அப்போதாவது, டாக்டரம்மா இல்லைடா, நான் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் கேட்டதே அதைத்தான் என்று இப்போது தெரிகிறது. நான் மறுபடியும் டாக்டரம்மா பெயரையே சொன்னேன். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். லாரி ஒன்று ஹாரன் அடித்தது, கேட்டைத் திறக்கப் போய்விட்டான்.

அடுத்த வாரம் துணிந்து கிளம்பினேன். இந்தத் தடவை என் பெயரிலேயே சொல்லிவிடுவது என்று. யார்டை நெருங்கும்போது தூரத்திலிருந்தே பார்த்தேன். அவ்வளவு புழுதிக்கு நடுவில் அந்தக் கூண்டின் கண்ணாடி இரண்டு பக்கமும் துடைத்திருந்தது. மூலையில் ஒரு பொட்டு நுரை இல்லை. கிட்டே போனால், உள்ளே வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

"தேசிங்கு அண்ணனா? நேத்து ராத்திரி இதத் தொடச்சி வெச்சிட்டு நெஞ்சு வலின்னு வூட்டுக்குப் போனாரு. இந்த ஒரு வாரமா டெய்லி கண்ணாடியப் போட்டுத் தொடச்சிகினே இருந்தாரு. இன்னாண்ணே இப்டி தொடைக்கிறன்னு கேட்டேன். டாக்டரம்மா பாக்கும்னாரு. எந்த டாக்டரம்மான்னு எனக்குத் தெரியல."

மொபெட்டைத் திருப்பிக் காலடிப்பேட்டைக்கு ஓட்டினேன். அவன் தெருவில் திரும்பும்போதே ஷாமியானா போட்டிருந்தது தெரிந்தது.

நான் தொழிலை விட்டது மூட்டு வலியால் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். மூட்டு வலியும் இருந்தது.

கேட்டவர் யாரோ, அவருக்கு என் பதில் இதுதான். காலையில் உங்களுக்கு மனசு வருவதும் வராததும் உங்கள் கையில் மட்டும் இல்லை. இன்றைக்கு வேலை முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனிடம் நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் சொன்னார், இவர் சொன்னார் என்று வேண்டாம். நான் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பொய் என்று தெரிந்தே கேட்டுக்கொண்ட ஒரு வார்த்தைக்கு அந்த மனுஷன் எழுந்து அந்தப் புழுதியில் ஒரு வாரம் கண்ணாடி துடைத்திருக்கிறான். என்னிடம் இருந்தது நிஜம். அதை அவன் கேட்காமலே போய்விட்டான்.